தட்டிப் பார்த்து ஏறுகிறவள்

அந்த நடிகை எங்கள் ஊரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. விடுதி வாசலில் கார் வந்து நின்றது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். நாள்கணக்கில் குழாய்த் தண்ணீரில் நனைய வைத்ததில் அவளுக்குக் காய்ச்சல். "உங்க மழையில நீங்களே நனைஞ்சுக்கோங்க" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டுப் போனதாக விடுதிக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவள் போனது எங்கள் பெரியப்பா மகள் தலையில் வந்து விடியும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அப்போது எங்கள் ஊரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன ஊர் ஒன்று. அங்கே மழைக்காலத்தில் காணாமல் போகிற ஒரு பள்ளி மாணவி. அவளைத் தேடுகிற அவளுடைய கூட்டாளிகள். ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு முழிக்கிற பெரியவர்கள். கதை முழுவதும் ஒரே மாதத்துக்குள் நடக்கிறது, மாதம் முழுக்க மழை. எங்கள் ஊரிலோ மழை பெய்தால் அது செய்தி. அதனால் மழையைச் செய்ய வேண்டியிருந்தது. பெரியப்பாவின் வெல்டிங் பட்டறைதான் அதைச் செய்தது. இரும்புச் சட்டம், அதன் மேல் துளை போட்ட குழாய்கள், கீழே சக்கரம். தெருவை அடைத்துக்கொண்டு அந்தச் சட்டம் உருண்டு வரும்போது நாய்கள் எல்லாம் ஒதுங்கிப் போகும்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டால் பட்டறை. பெரியப்பா ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடிப்பாள். பத்து வயதிலேயே வெல்டிங் குச்சி பிடித்தவள். பற்றவைத்த ஓர் இணைப்பைப் பார்த்ததுமே "அப்பா, இது வாயைத் திறக்கும்" என்பாள். ஒரு வாரத்தில் அது திறந்துகொள்ளும். பெரியப்பா அப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொல்வார்: "எனக்கு மகன் இல்லைன்னு யாரும் வருத்தப்பட வேண்டாம். எனக்கே இவ முதலாளி மாதிரி."

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பட்டறைத் தரையில் எப்போதும் தகடுகள் கிடக்கும். சில ஆடும். சில அப்போதுதான் வெட்டியவை, பார்க்க ஒன்றும் தெரியாது, கொதித்துக்கொண்டிருக்கும். எதன் மேலும் ஏறுவதற்கு முன் செருப்பு நுனியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். பட்டறையில் தொடங்கிய பழக்கம் வாசற்படி, பேருந்துப் படி, கோயில் படி என்று எல்லாவற்றுக்கும் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தத் தட்டை வைத்தே "அக்கா வந்துட்டா" என்று அம்மா உள்ளிருந்து சொல்வார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் பெரியப்பாவோடு மழைச் சட்டத்தின் ஒரு காலை மாற்றப் போயிருந்தாள். நடிகையின் முகம் தெரிகிற காட்சிகள் எல்லாம் முடிந்திருந்தன. மிச்சம் ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் மேல் போட்ட பலகையைத் தாண்டி அவள் மழைக்குள் நடந்து மறைவது. முதுகு மட்டும் போதும்.

இயக்குநர் பெரியப்பாவிடம் வந்தார். "ஐயா, உங்க பொண்ணு கொஞ்சம் திரும்பி நிப்பாளா?"

"எதுக்குங்க?"

"முதுகு வேணும்."

"முதுகு மட்டுமா? நான் சோறு போட்டு வளர்த்தது முழுப் பொண்ணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி நின்றாள்.

படப்பிடிப்பில் ஒரு பெண்மணி இருந்தார். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கழுத்தில் எப்போதும் அங்குல டேப் தொங்கும். பின்னல் எதுவரை வர வேண்டும், ஸ்வெட்டரில் எந்தப் பொத்தான் போடாமல் இருந்தது, காலுறை எத்தனை மடிப்பு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் ஊரில் அவருக்கு 'அளவுக்காரி' என்று பெயர். அவர் அக்காவின் பின்னலை அளந்தார், சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிவிட்டார், பையை எந்தத் தோளில் போட வேண்டும் என்று சொன்னார். குழாய்கள் திறந்தன. அக்கா நடந்தாள். பலகையை நுனிக்காலால் ஒரு தட்டுத் தட்டினாள், ஏறினாள், மறைந்தாள். அளவுக்காரி அந்த நேரத்தில் பின்னலில் தண்ணீர் சொட்டுவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்; காலைப் பார்க்கவில்லை. ஒரே தடவையில் காட்சி முடிந்தது.

தொடர் ஒளிபரப்பான மூன்றாவது வாரம் வினை வந்தது. எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், முதல் பகுதியில் நடிகை அதே பலகை மேல் ஓடுகிற காட்சியையும் கடைசியாக நடக்கிற காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு காணொளி போட்டாள். "இவள் தட்டாமல் ஏறுகிறாள். அவள் தட்டிவிட்டு ஏறுகிறாள். அப்படியென்றால் மழைக்குள் போனது யார்?" இரண்டு நாளில் நாடே அதைத்தான் பேசியது. மழைக்குள் போனது அந்த மாணவி இல்லை, அவள் வேஷத்தில் இன்னொருத்தி நடந்திருக்கிறாள். அந்த இரண்டாவது பெண் யார்?

கதையை எழுதியவர்களுக்கே அது தெரியாது. அவர்கள் எழுதியிருந்தது மிகச் சாதாரணமான முடிவு, வாய்க்காலில் தவறி விழுந்துவிட்டாள் என்று. எட்டாவது பகுதியோடு கடையைக் கட்டுவதாக இருந்தார்கள். ஆனால் ஒரு பேட்டியில் இயக்குநர் புன்சிரிப்போடு, "எல்லாம் திட்டமிட்டதுதான். கவனமா பாருங்க" என்றார். அவ்வளவுதான். தொடர் நீண்டுவிட்டது.

அளவுக்காரி பெரியப்பா வீட்டுக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. இந்தத் தப்புக்காகத் தன்னை அனுப்பிவிடப் போகிறார்கள் என்று இரண்டு நாள் அழுதிருந்தாராம். அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீ என் வேலையைக் காப்பாத்திட்டே தங்கம்."

"பரவாயில்லை மேடம். அந்த ஸ்வெட்டரை எப்போ திருப்பித் தரணும்?"

"திருப்பியா? இனிமேதாண்டி உன்னை விடவே மாட்டாங்க."

ஒப்பந்தம் வந்தது. அக்காவுக்கு வயது போதாததால் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அவள் யார் என்று வெளியே சொல்லக் கூடாது. யாரும் படம் எடுக்க விடக் கூடாது. உடம்பில் புதிதாகத் தழும்பு, தீப்புண் எதுவும் வரக் கூடாது. தொடர் முடியும்வரை ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது. தொடர் எப்போது முடியும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. படப்பிடிப்புக்கு வேண்டிய எல்லா இரும்பு வேலையும் இனி பெரியப்பா பட்டறைக்குத்தான் என்றும் பேசியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் பெரியம்மாதான் முதலில் கேட்டார்: "தீப்புண் வரக் கூடாதுன்னா, பட்டறைக்குள்ள எப்படிப் போவா?"

"போக வேண்டாம்" என்றார் பெரியப்பா. "ஆர்டர் எடுக்க ஒரு ஆள் வேணும்னு நானே நினைச்சுக்கிட்டிருந்தேன். போன்கிட்ட உட்காரட்டும்."

அன்றிலிருந்து அவளுக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு மின்விசிறி. அந்தப் பக்கம் பொறி பறக்கும்.

ஊர் இருக்கிறதே, அதுதான் பெரிய ஒப்பந்தம். யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் எல்லோரும் அதைக் காப்பாற்றினார்கள். சனிக்கிழமை தோறும் வெளியூரிலிருந்து தொடர் பைத்தியங்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். விடுதி நிரம்பியது. பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். டீக்கடை மாமா 'இரண்டாவது பெண்' என்று அச்சடித்த டம்ளரில் டீ ஊற்றினார். யார் அவள் என்று கேட்டால் ஒவ்வொரு கடையிலும் ஒரு புது ஆளைக் காட்டினார்கள். டீக்கடை மாமா ஒரு தடவை தபால்காரரையே காட்டினார். "நடையைப் பாருங்க, எவ்வளவு நளினம்" என்றாராம். தபால்காரர் ஒரு மாதம் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை.

அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் 'ரகசியம்'. "என்ன ரகசியம், சாப்பிட்டாச்சா?" "ரகசியம், அப்பா இருக்காரா?" பிரியமாகத்தான் கூப்பிடுவார்கள். அவள் தெருவில் நடந்தால் மட்டும் அந்தப் பிரியம் பதறிப் போகும். நடையை வைத்துத்தானே கண்டுபிடிப்பார்கள்! மளிகைக் கடைக்குப் போக இறங்கினால் யாராவது வண்டியை நிறுத்தி, "ஏறும்மா, நான் விட்டுடறேன்" என்பார்கள். நாற்பதடி தூரத்துக்கு வண்டி. கடைசியில் பெரியப்பாவின் சிறிய லாரியில் முன் இருக்கையில் உட்கார்ந்து போவதே வழக்கமாகிவிட்டது. சொந்த ஊரில் அவள் நடந்ததெல்லாம் கேமராவுக்கு முன்னால் மட்டும்.

ஒரு முறை வேறொரு பெண்ணை நடக்க வைத்துப் பார்த்தார்கள். அதே ஸ்வெட்டர், அதே பின்னல், அக்காவே பக்கத்தில் நின்று தட்டச் சொல்லிக்கொடுத்தாள். ஒளிபரப்பான அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். "இவள் தட்டுவது நடிப்பு. அவள் தட்டுவது சந்தேகம்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அக்கா அதை எனக்குப் போனில் படித்துக் காட்டினாள். "சரியாத்தான் சொல்றான், என்ன பண்றது" என்றாள்.

நான் அப்போது ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு மலிவான விடுதியின் பொது அறையில், திரையின் அடியில் எனக்குத் தெரியாத மொழியில் எழுத்து ஓட, ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

கதையில் காலம் நகரவே இல்லை. அக்காவுக்கு இருபது வயது நிறைந்தபோது கதையில் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. தோள் அகன்றிருந்தது. ஸ்வெட்டரின் இரண்டு பக்கமும் பிரித்து, அதே சாம்பல் நூல் கிடைக்காமல் அலைந்து, தையல்காரர் ஒட்டுப் போட்டார். அளவுக்காரி ஒவ்வொரு முறையும் வந்து அக்காவின் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மதியம் பெரியப்பா சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் முழங்கைவரை தோல் கையுறை போட்டுக்கொண்டு அக்கா பட்டறைக்குள் போய்க் குச்சி பிடிப்பது அளவுக்காரிக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் மணிக்கட்டில் ஒரு புள்ளியைப் பார்த்து, "கொசுக்கடிதானே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே பவுடர் பூசிவிட்டார்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் லாரிக்காரர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். துறைமுக நகரத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், இந்த முறை பெண்களும் வரலாம், வயது மட்டும் இருபத்திரண்டு நிறைந்திருக்கக் கூடாது. நேரில் போய்ப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். அக்காவுக்கு அப்போது இருபத்தொன்று முடியப் போகிறது. இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது.

விண்ணப்பத்துக்குப் படம் வேண்டியிருந்தது. ஸ்டுடியோ அண்ணனிடம் போனாள்.

"ரகசியத்தை நான் எப்படிம்மா எடுப்பேன்?"

"பாஸ்போர்ட் சைஸ்தான் அண்ணே. முகம் மட்டும். முதுகு கேட்கலை."

"முகம்தானேம்மா வெளியே வரக் கூடாதது."

"அண்ணே, இது டிவிக்கு இல்லை. வேலைக்கு."

"தொடர் முடியட்டும். முதல் படம் நான்தான் எடுப்பேன், பெரிசா போட்டு வாசல்ல மாட்டுவேன். இப்போ வேண்டாம்மா. டீ சொல்லட்டுமா?"

அவள் டீ குடிக்காமல் வந்து, வெள்ளையடித்த பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்று தன் போனிலேயே எடுத்து அனுப்பினாள். தேர்வுக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை இங்கே தொடரின் கடைசிப் பருவத்தின் படப்பிடிப்புத் தொடங்குகிறது. விடுதியில் ஓர் அறைகூட மிச்சமில்லை.

பெரியப்பாவிடம் நேராகவே கேட்டாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிற்பாடு சொன்னாள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தொடர் முடியட்டும்மா" என்றார். "பட்டறையில ஏழு பேர் இருக்காங்க. மழைச் சட்டம் இல்லைன்னா ரெண்டு பேருக்குத்தான் வேலை. யாரை அனுப்பட்டும், நீயே சொல்லு." அவளால் யாரையும் சொல்ல முடியவில்லை. அந்த ஏழு பேரும் அவளுக்குச் சொந்த அண்ணன் மாதிரி.

வெள்ளிக்கிழமை மதியப் பேருந்தில் ஏறினாள். படியைத் தட்டாமல் ஏறினாளாம், ஞாபகம் வைத்துக்கொண்டு. அப்படியும் நடத்துநர் பார்த்துவிட்டார். மணியடிக்கவில்லை.

"இறங்கும்மா ரகசியம்."

"டிக்கெட் கொடுங்க அண்ணே. நான் காசு கொடுத்துத்தானே வர்றேன்?"

"உனக்கு டிக்கெட் கொடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு இந்த ஊர்ல எனக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது."

பேருந்து நின்றது. யாரும் கோபப்படவில்லை. முன் இருக்கையில் இருந்த சத்துணவு டீச்சர் அவள் கையைப் பிடித்து, "உங்கப்பாவை நினைச்சுப் பாரும்மா" என்றார். பின்னால் இருந்து ஒருவர், "நேரமாகுதும்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். அதுவும் பொய்யில்லை, அவர் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. எல்லோரும் அவ்வளவு அன்பாக அவளைப் பார்த்தார்கள். டீச்சரே அவள் பையைத் தூக்கிக் கீழே வைத்தார். சிலிண்டர் லாரிக்காரரிடம் கேட்டதற்கு அவரும், "உங்கப்பா முகத்துல நான் முழிக்கணுமேம்மா" என்றுவிட்டார்.

அதனால்தான் வேன்கள் வரும் சனிக்கிழமைவரை காத்திருந்தாள். இதை டீக்கடை மாமா சொன்னது ஒரு விதம், அக்கா சொன்னது ஒரு விதம். அன்றைக்கு வேனில் வந்த பிள்ளைகள் எடுத்த காணொளியும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். டீக்கடை வாசலில் ஒரு வேன். கல்லூரி முதலாண்டு படிக்கிற வயதில் ஐந்து பேர். மாமா அவர்களுக்குச் சலூன் கடைக்காரரின் மைத்துனியைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டிலிருந்து நடந்தே வந்தாள். தோளில் பை. மாமா கண்ணால் ஜாடை காட்டினார், போ போ என்று. அவள் நேராக வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க தேடுறது என்னைத்தான்."

கண்ணாடி போட்ட ஒரு பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, காலையிலிருந்து மூணு பேர் இதையே சொல்லிட்டாங்க. ஒருத்தருக்கு மீசை இருந்துச்சு."

"நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

"சரி. நிரூபிச்சா எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? என்னைத் துறைமுகத்துல விடணும்."

கேமரா வைத்திருந்த பையன் சிரித்தான். "நீங்க மட்டும் அவளா இருந்தா, கடலுக்கு அந்தப் பக்கமே விடறோம்."

"தம்பி, அம்மா தேடுவாங்க, துறைமுகம் போதும்" என்றாள் அக்கா. பையை அவன் கையில் கொடுத்தாள். திரும்பினாள். நடந்தாள்.

அந்தக் காணொளியை நான் பல முறை பார்த்துவிட்டேன். வெயில் கொளுத்துகிறது. மழை இல்லை, ஸ்வெட்டர் இல்லை, பழைய சட்டையும் பேன்ட்டும்தான். முதல் சில அடிகள் பிள்ளைகள் கேலி செய்கிற சத்தம் கேட்கிறது. தையல் கடையைத் தாண்டும்போது சத்தம் குறைகிறது. தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். ஒருவரும் தடுக்கவில்லை; எதைச் சொல்லித் தடுப்பார்கள்? தடுத்தாலே அவள்தான் என்று ஆகிவிடும். வாய்க்கால் பலகை வருகிறது. அவள் நிற்கிறாள். நுனிக்காலால் ஒரு தட்டு.

கண்ணாடிப் பெண் வாயில் கையை வைத்துக்கொள்கிறாள், அது நிழலாகப் படத்தில் விழுகிறது. "ஐயோ" என்கிறது ஒரு குரல்.

அப்புறம் அக்கா பலகை மேல் ஏறாமல், அவர்களைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். நன்றாக முகம் தெரிய. வியர்த்திருக்கிறது. "எடுத்தாச்சா?" என்று கேட்கிறாள்.

பட்டறையிலிருந்து பெரியப்பா ஓடி வந்தார். முகமூடி இன்னும் நெற்றியில் இருந்தது.

"எங்கேடி போறே?"

"தேர்வுக்குப்பா."

"தொடர் முடியட்டும்னு சொன்னேன்ல?"

"முடிஞ்சுதுப்பா. இப்போதான் முடிச்சேன்."

அவர் அவளை அடிக்கப் போகிறார் என்று டீக்கடை மாமா நினைத்தாராம். அவர் செய்தது வேறு. வேன் பக்கம் பார்த்தார், அந்த ஐந்து முகங்களையும் பார்த்தார். "யாரு ஓட்டறது? லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். ஒரு பையன் எடுத்துக் காட்டினான். பெரியப்பா அதை இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் தேர்வில் தேறினாள். அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

ஆனால் ஊர் பயந்த எதுவும் நடக்கவில்லை. அந்தக் காணொளி நாடு முழுக்கப் போனது. பெரியப்பா மூன்று நாள் சாப்பிடாமல், வக்கீல் கடிதம் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்துக்குப் பதில் இயக்குநரின் பேட்டிதான் வந்தது. அதே புன்சிரிப்பு. "எல்லாம் திட்டமிட்டதுதான். கதை இப்போ திரையை விட்டு வெளியே வந்துடுச்சு." கடைசிப் பருவத்தில் அந்தக் காணொளியையே ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டார்கள். இரண்டாவது பெண் பகல் வெளிச்சத்தில் முகம் காட்டி, வேனில் ஏறிப் போகிறாள். இனி அவளை எங்கே வேண்டுமானாலும் தேடலாம். பெரியப்பாவுக்கு இன்னும் பெரிய மழைச் சட்டத்துக்கு ஆர்டர் வந்தது. ஊர் அவளை மன்னித்துவிட்டது. மன்னித்ததோடு, நாங்கள்தான் அனுப்பி வைத்தோம் என்றும் சொல்லிக்கொண்டது.

அக்காவுக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போனது. பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் வெளியும் அதே வீட்டின் இன்னொரு அறையாக இருந்தது. பயிற்சி விடுதியில் அறைத்தோழிகள் முதல் நாளே, "ஒரே ஒரு தடவை தட்டிக் காட்டு" என்றார்கள். மெஸ்ஸுக்குப் போகும் படிக்கட்டின் கீழே போனை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தளத்தின் வாசலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு நாள் அளவுக்காரியே வந்து நின்றார், பையில் ஸ்வெட்டரோடு.

"ஒரே ஒரு நடை தங்கம். கேட்டுக்கு உள்ளே போற மாதிரி."

"நான் கேட்டுக்கு உள்ளேதான் மேடம் தினமும் போறேன்."

"அதைத்தான் எடுக்கச் சொல்றாங்க."

அக்கா மாட்டேன் என்று சொன்னாள். அளவுக்காரி கோபப்படவில்லை. "நீ வந்தாலும் கதை, வரலைன்னாலும் கதை. எனக்கே பாவமா இருக்கு" என்று சொல்லி, தெருவைக் கடக்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாராம். அந்த மாதம் அக்கா என்னிடம் பேசியபோது, "நான் தட்டறதை விட்டுட்டேன்டி" என்றாள். "எந்தப் படியிலேயும் தட்டறதில்லை. குருட்டுத்தனமா ஏறிடறேன். எனக்கே என் கால் யாரோ மாதிரி இருக்கு."

அது ரொம்ப நாள் போகவில்லை. கப்பலின் பக்கவாட்டில் கட்டிய சாரத்தில், தட்டாமல் ஏறிய பலகை ஒன்று நழுவியது. ஓராள் உயரம்தான், கணுக்கால் பிசகியது. மேஸ்திரி மேலிருந்து கத்திக்கொண்டே இறங்கினார். "ஏறுறதுக்கு முன்னாடி பலகையைத் தட்டிப் பார்க்கணும்னு தெரியாதா? உன் வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?" வலியை மீறி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே சாரத்தைப் பார்த்தாளாம். மேலே ஆள்கள் ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் பூட்ஸ் நுனியால் தட்டிவிட்டுத்தான் கால் வைத்தார்கள். அத்தனை பேரும்.

இதைச் சொன்ன பிறகு அவளிடமிருந்து பேச்சே குறைந்துவிட்டது. கால் சரியாகிவிட்டது என்று ஒரு வரி. பயிற்சி முடிந்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு வரி. பெரியப்பா கேட்டால் "நல்லா இருக்கா" என்று நானே சொல்லிக்கொண்டேன். தொடரும் ஒருவழியாக முடிந்தது. இரண்டாவது பெண் யார் என்று கடைசிவரை அவர்கள் சொல்லவே இல்லை. வேன்கள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றன. நான் பயணங்களை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அதற்கும் வெகுநாள் கழித்து, போன வாரம் ஒரு மாலையில், அவளிடமிருந்து இது வந்தது:

"இன்னைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு ஏணியில இறங்கறதுக்காக நின்னுக்கிட்டிருந்தேன். என் பின்னாடி ஒருத்தர் நின்னு, என் முதுகைப் பார்த்து, 'தம்பி, சீக்கிரம் இறங்குப்பா, கீழே வண்டி போயிடும்'னாரு. நான் திரும்பலை. 'சரிண்ணே'ன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டேன். வண்டியில இடம் கிடைச்சுது. நல்ல தூக்கம் வருது."